வெள்ளிக்கிழமை மட்டும் வரும் லைன்

1

இந்தக் கதையை நான் ஒட்டுக்கேட்டேன். பிற்பாடு யாராவது கண்டுபிடித்துச் சொல்வதைவிட இப்போதே ஒப்புக்கொண்டுவிடுவது மேல்.

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் ஆம்பூரில் வேலூர் பஸ் ஏறினேன். முன்சீட்டில் கண்ணாடி அணிந்த, கறுப்பு புர்கா போட்ட ஒரு பெண்மணி போனில் பேசிக்கொண்டிருந்தார். "அண்ணே, நாளைக்கி அந்தத் தோல ஒரு பத்து நிமிஷம் எறக்கிட்டு மறுபடி ஏத்த முடியுமா? இல்லண்ணே, தோலுக்கு ஒண்ணும் ஆவாது. எனக்கு நெட் வருதான்னு பாக்கணும்."

தோலை இறக்கினால் நெட் வருமா என்று ஒரு மனுஷன் யோசிக்காமல் இருக்க முடியுமா? இப்படி ஒரு பேச்சைக் கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிற எழுத்தாளன் யாராவது இருந்தால் அவன் காலில் விழத் தயார். நான் மாதனூர் வருவதற்குள் வாயைத் திறந்துவிட்டேன். அவர் பள்ளிகொண்டாவில் இறங்குவதற்குள் முக்கால் கதையைச் சொல்லிவிட்டார். மீதியை, அது நடக்க நடக்க, போனில் சொன்னார். இறங்கும்போது ஒரு நிபந்தனையும் போட்டார்.

"எழுதுங்க சார். பேர மட்டும் மாத்திடுங்க. கம்பெனி பேரும் வேணாம்."

மாற்றிவிட்டேன். தில்ஷாத் என்று வைத்தேன். போனில் சொன்னபோது, "அது எங்க சின்ன மாமியார் பேரு சார். வேற கெடைக்கலயா?" என்றார். கிடைக்கவில்லை.

(பஸ்ஸில் அவர். கதைக்குள் போனதும் அவள். எழுதுகிறவனின் திமிர், வேறொன்றும் இல்லை. இன்னொன்று: ஆம்பூர் என்றதும் பிரியாணிக்காகக் காத்திருப்பவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம். இந்தக் கதையில் எல்லாரும் டிபன் பாக்ஸில் புளிசாதம்தான் சாப்பிடுகிறார்கள்.)

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

"இரண்டு கட்டிடங்கள் ஒன்றையொன்று பார்த்தபடி நின்றன, பேச முடியாத காதலர்களைப் போல, இடையில் ஒரு—"

அடித்துவிட்டேன். கட்டிடம் யாரையும் பார்ப்பதில்லை. அதிலும் அந்த இரண்டு கட்டிடங்களுக்கும் சுண்ணாம்பு அடித்தே ஒன்பது வருஷம் ஆகிறது.

இரண்டாவது தொடக்கம்:

"ஒரு மாடியில் இந்து. எதிர் மாடியில் முஸ்லிம். நடுவே கண்ணுக்குத் தெரியாத அலை பாய்கிறது. அந்த அலையின் பெயர் மனிதம் என்று—"

இது நன்றாகத்தான் வந்தது. ஏதாவது ஒரு மேடையில் சால்வைகூடப் போட்டிருப்பார்கள். தில்ஷாத்திடம் போனில் படித்துக் காட்டினேன். முழுசும் கேட்டுக்கொண்டார். பிறகு, "ரெண்டு மாடியும் ஒரே மொதலாளிதுதான் சார்" என்றார்.

மூன்றாவது தொடக்கம் "ஐந்து கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்" என்று ஆரம்பித்தது. அதற்கு மேல் எனக்கே ஒன்றும் தெரியாததால் அது தானாகவே நின்றது. ஆகவே தொடக்கம் இல்லாமலேயே தொடங்குகிறேன்.

3

தில்ஷாத்துக்கு நாற்பத்தொரு வயது. ஷூவின் மேல்பாகத்தை மட்டும் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றின் இரண்டாவது யூனிட்டில் பதினோரு வருஷமாக வேலை. அவள் மேஜைக்கு மேலே "ஈ.டி.பி. செக்‌ஷன்" என்று பலகை தொங்கும். அந்த மூன்று எழுத்துக்கும் விரிவு என்ன என்று கம்பெனியில் ஒருவருக்கும் தெரியாது. செக்‌ஷன் என்றால் தில்ஷாத் ஒருத்திதான். கம்ப்யூட்டர் ஓடினால் கம்பெனிக்குப் பெருமை, நின்றுபோனால் தில்ஷாத்தின் தப்பு.

முதல் யூனிட்டும் ஆபீசும் ஹைவே ஓரத்தில் இருக்கின்றன. நெட் கேபிள் அங்கேதான் வருகிறது. இரண்டாவது யூனிட் ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். தண்டவாளத்தைத் தாண்டிக் கேபிள் இழுக்க வேண்டுமென்றால் அனுமதி வாங்க வேண்டும். அதற்காக மேனேஜர் அப்துல் வஹாப் எழுதிய கடிதம் இன்னும் எங்கேயோ பிரயாணம் செய்துகொண்டிருக்கிறது. யூனிட்டுக்குள் போன் டேட்டாவும் எடுக்காது. அவசரமாக யாரிடமாவது பேச வேண்டுமென்றால் கேட் வரைக்கும் நடக்க வேண்டும்.

அதனால் வேலூர் லாங் பஜாரில் கடை வைத்திருக்கும் செல்வகுமாரைக் கூப்பிட்டார்கள். அவன் இரண்டு டிஷ் கொண்டுவந்தான். சோற்றுத் தட்டு அளவுதான் இருந்தது ஒவ்வொன்றும். ஒன்றை ஆபீஸ் மாடியிலும் மற்றதை இரண்டாவது யூனிட் மாடியிலும் ஏற்றி, ஒன்றின் முகம் மற்றதைப் பார்க்கும்படி திருப்பினான்.

"டார்ச் அடிக்கிற மாரிதான் மேடம்" என்று தில்ஷாத்திடம் விளக்கினான். "அங்கேர்ந்து நேரா இங்க அடிக்கும். நடுவுல மட்டும் ஒண்ணும் வரக்கூடாது. மரம், செவுரு, ஒண்ணுமே."

நடுவில் தோல் பதனிடுகிற கம்பெனியின் பழைய டேனரி இருந்தது. அதுவும் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்தான், இரண்டாவது யூனிட்டை ஒட்டி. அதன் மேல்மாடியில் தூணும் கூரையும்தான் உண்டு, சுவர் கிடையாது. காற்று புகுந்து போவதற்காக அப்படிக் கட்டியிருக்கிறார்கள். செல்வகுமார் மாடியில் நின்று பார்த்தான். தூண்களுக்கு நடுவே எதிர் மாடி டிஷ் பளிச்சென்று தெரிந்தது. போல்ட்டை முறுக்கினான். லைன் பறந்தது.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. டேனரிக்கும் யூனிட்டுக்கும் வார விடுமுறை.

வேலை நாளில் வெளியாளுக்கு கேட் பாஸ் கிடையாது என்பது அப்துல் வஹாபின் சட்டம். வருகிறவன் புது சாம்பிளைப் பார்த்துப் பக்கத்து கம்பெனிக்குச் சொல்லிவிடுவானாம். அந்தச் சட்டம் லேமினேஷன் போட்டு கேட்டில் தொங்குகிறது. ஆக, எலக்ட்ரீஷியனானாலும் சரி, பிளம்பரானாலும் சரி, டிஷ்காரனானாலும் சரி, வெள்ளிக்கிழமைதான் வர வேண்டும். லீவு நாளில் தில்ஷாத்தையும் வரச்சொல்லி, டீ கொடுத்து, ஓடுகிற நெட்டைக் காட்டி, ஒரு தாளை நீட்டினார்கள். "இணைப்பு திருப்திகரமாக இயங்குகிறது." ஓடத்தானே செய்தது? கையெழுத்துப் போட்டாள்.

சனிக்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்கு லைன் செத்தது.

(உங்களுக்குப் புரிந்துவிட்டது. தெரியும். அவர்களுக்கு மூன்று வாரம் ஆனது உங்களுக்கு மூன்று பாராவில் முடிந்துவிட்டது என்று ரொம்பவும் பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டாம். தோல் விஷயத்தை முதல் பக்கத்திலேயே உங்கள் காதில் போட்டவன் நான். அவர்கள் காதில் போட ஆளில்லை.)

4

அடுத்த வெள்ளிக்கிழமை செல்வகுமார் வந்தான். லைன் பிரமாதமாக ஓடியது. "ஒண்ணும் கம்ப்ளெய்ன்ட் இல்லியே சார்" என்று ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். சனிக்கிழமை மறுபடி போச்சு. மூன்றாவது வெள்ளிக்கிழமை இதைவிடப் பெரிய டிஷ் வந்தது, குழந்தையைக் குளிப்பாட்டுகிற பேசின் அளவில். அதுவும் வெள்ளிக்கிழமை பறந்து சனிக்கிழமை படுத்தது.

ஆபீசில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். ரயிலுக்குப் போகிற கரண்ட் கம்பி இழுக்கிறது என்றார் அக்கவுண்டன்ட். சரக்கு சைனாவுடையது என்றார் ஸ்டோர்ஸ் ஆள். வேலூர் வெயிலுக்கு எந்த மெஷின்தான் தாங்கும் என்று செக்யூரிட்டி ஒரு பொதுவான கருத்தைச் சொன்னார். அப்துல் வஹாப் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, லேடீஸ் கையில் சிஸ்டத்தைக் கொடுத்தால் இப்படித்தான் என்ற முடிவுக்கு வந்தார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் புதன்கிழமை ஒன்று வந்துகொண்டிருந்தது. ஆர்டர் கொடுக்கும் ஜெர்மன் கம்பெனி இந்த வருஷம் ஆள் அனுப்பவில்லை. அங்கேயே ஒரு மேடம் உட்கார்ந்துகொண்டு, இங்கே ஓடுகிற வேலையை கேமராவில் நேரடியாகப் பார்ப்பார். பகல் இரண்டரை மணிக்கு. கட்டிங், ஸ்டிச்சிங், பேஸ்டிங் என்று யூனிட் முழுக்க நடந்து காட்ட வேண்டும். பார்த்துவிட்டுப் பதினைந்து நாளில் ரிப்போர்ட் வரும். அதை வைத்துத்தான் அடுத்த ஆர்டர்.

அப்துல் வஹாப் தில்ஷாத்தைக் கூப்பிட்டு, அந்தத் தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"கையெழுத்து உங்களுது. புதன்கிழம லைன் போச்சுன்னா நீங்க வேற எடம் பாத்துக்கறது நல்லது. சர்டிபிகேட் நல்லா எழுதித் தர்றேன்."*

பதினோரு வருஷம். தில்ஷாத்துக்கு வேறு இடம் கிடையாது. நாற்பத்தொரு வயதில், வராத லைனை வருகிறது என்று கையெழுத்துப் போட்டவள் என்ற பேரோடு ஆம்பூரில் எந்தக் கம்பெனிப் படியை ஏறுவது? அங்கே எல்லா மேனேஜருக்கும் எல்லா மேனேஜரையும் தெரியும்.

* அவர்கள் உருதுவில் பேசியதை நான் தமிழில் போட்டிருக்கிறேன். உருதுவில் அவர் "ஆப்" என்று மரியாதையாகத்தான் சொன்னார். ஒரு ஆளை வேலையைவிட்டு அனுப்புவதைக்கூட அதில் அவ்வளவு மரியாதையாகச் சொல்ல முடிகிறது.

5

இந்த இடத்தில் எனக்கு தில்ஷாத்மேல் ஒரு சந்தேகம் வந்தது. மூன்று வாரம் இவள் என்ன செய்துகொண்டிருந்தாள்? டேனரி பக்கத்திலேயே இருக்கிறது. மாடிக்குப் போய் ஒரு பார்வை பார்க்கக் கூடாதா? இவ்வளவு மந்தமான ஒருத்தியைக் கதாநாயகி ஆக்கினால் வாசகர்கள் என்னை அல்லவா திட்டுவார்கள். கேட்டேவிட்டேன்.

"மாடிக்கி லேடீஸ் போவக் கூடாது சார். ரூல்."

"யார் போட்ட ரூல்?"

"எழுதி மாட்டல. ஆனா ரூல்."

நான் அவளுக்கும் செல்வகுமாருக்கும் நடுவே லேசாக ஏதாவது வைக்கலாமா என்றும் யோசித்தேன். ஏணி, மாடி, காற்று, ஒருவரையொருவர் பார்க்கும் இரண்டு டிஷ். பொருத்தம் தானாக அமைந்துவிட்டதே என்று ஒரு பக்கமே எழுதினேன். "அவன் டிஷ்ஷைத் திருப்பினான், அவள் முகம் திரும்பியது, அப்போது—" என்று போகும் அது. போனில் படித்துக் காட்டியபோது தில்ஷாத் நடுவிலேயே நிறுத்தினார்.

"அந்தாளுக்கு ரெண்டு பசங்க இருக்குது சார். எனக்கு வேல போவப்போவுது. நீங்க இன்னா எழுதிட்டு இருக்கீங்க?"

கிழித்துவிட்டேன். ஆனால் அந்தப் பக்கத்தில் ஒரு நல்ல வர்ணனை இருந்தது. எங்கேயாவது வேறு கதையில் செருகிக்கொள்ள வேண்டும்.

6

கண்டுபிடித்தது அவள்தான். வேறு யாரும் இல்லை.

லைன் போகும் நேரத்தையும் வரும் நேரத்தையும் ஒரு பழைய அட்டெண்டன்ஸ் நோட்டின் பின்பக்கத்தில் எழுதிவைக்கத் தொடங்கியிருந்தாள். காலை ஒன்பது நாற்பதுக்குப் போகும். மூன்று மணிக்குமேல் கொஞ்சம் கொஞ்சமாக உயிர் வரும். ஐந்து மணிக்கு ஓரளவு ஓடும். மறுநாள் காலை மறுபடி ஒன்பது நாற்பது. மழைக்கும் வெயிலுக்கும் ரயிலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. வெள்ளிக்கிழமை தவிர, நிமிஷம் தப்பாமல் தினமும் ஒன்பது நாற்பதுக்கு இந்த ஊரில் என்னதான் நடக்கிறது?

அந்தத் திங்கட்கிழமை மதியம் கேன்டீன் வாசலில் தனகோடியைப் பார்த்தாள். டேனரியில் தோல் காயப்போடுகிற மாடிக்கு மேஸ்திரி அவர். அவளுக்கு அது என்ன தோன்றியதோ, சும்மாதான் கேட்டாள்.

"அண்ணே, காலைல தோல எத்தினி மணிக்கு மேல ஏத்துவீங்க?"

"ஒம்போதரைக்கு ஏத்த ஆரமிப்போம். ஏம்மா?"

"எப்ப காயும்?"

"இந்த வெயிலுக்கு மூணு, நாலு மணிக்கெல்லாம் சலசலன்னு ஆயிடும், காஞ்சத எறக்க ஆரமிச்சிடுவோம்."

தில்ஷாத் டிபன் பாக்ஸை மூடினாள். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக இரண்டாவது யூனிட்டின் மாடிப்படி ஏறினாள். மேலே போய் நின்றாள். வெள்ளிக்கிழமைகளில் காலியாகக் கிடந்த அந்த டேனரி மாடியில், இந்தத் தூணிலிருந்து அந்தத் தூண்வரை, ஈரத் தோல் வரிசை வரிசையாகத் தொங்கியது. எதிர் மாடி தெரியவே இல்லை.

கம்பெனியின் லைனைக் கம்பெனியின் தோலே மறைத்துக்கொண்டிருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. இரண்டும் ஒன்றாக வருகிற நேரம் அது என்று அவளே சொன்னாள். மூன்று வாரமாகத் தூக்கமில்லை.

நேராக அப்துல் வஹாபிடம் ஓடினாள். டேனரிக் கூரைக்கு மேலே டிஷ்ஷை ஏற்றிவிட்டால் முடிந்தது, செல்வகுமாருக்கு அரைநாள் வேலை, நாளைக்கே கூப்பிடலாம் என்றாள். அவர் ஜன்னல் வழியாக டேனரியை ரொம்ப நேரம் பார்த்தார்.

"நாளைக்கு செவ்வாக்கிழம. வெளியாளுக்கு பாஸ் இல்ல" என்றார். பிறகு, "இது வேற யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார்.

"தனகோடி அண்ணன்கிட்ட தோல் காயற நேரத்த மட்டும் கேட்டேன்."

"சரி. தோல் எப்பவும்போல காயட்டும். வியாபாரம் நிக்கக் கூடாது."

கேட்கக் கூடாத கேள்வி ஒன்றை அவர் கேட்டதுபோல் அவளுக்குத் தோன்றியது. ஏன் என்று புரியவில்லை. அன்று சாயங்காலம்தான் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்து தனகோடிக்குப் போன் போட்டாள்.

7

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. டேனரிக்கும் இரண்டாவது யூனிட்டுக்கும் நடுவே ஒரு இன்டர்காம் உண்டு. தில்ஷாத் கம்ப்யூட்டர் முன்னால். தனகோடி மாடியில்.

"எறக்கிட்டேன்மா. நடு ரெண்டு வரிச."

"வந்துடுச்சுண்ணே."

"இப்ப மாட்டறேன். சொல்லு."

"போச்சு."

"நெசமாவா? இரு, மறுபடி எறக்கறேன்."

இப்படி ஆறு தடவை செய்தார். இரண்டாவது தடவையே ஊர்ஜிதமாகிவிட்டது. மீதி நான்கும் தனகோடியின் சொந்த சந்தோஷத்துக்கு. இருபத்தாறு வருஷமாகத் தோலைத் தூக்கி மாட்டுகிறார், இப்படி ஒரு விஷயம் அதற்கு உண்டு என்று ஒருவரும் அவரிடம் சொன்னதில்லை.

"ஜெர்மன்காரன் கண்ணையே மறைக்குதா நம்ம தோலு? பேஜாரான தோலும்மா இது." புதன்கிழமை அந்த இரண்டு வரிசையையும் காலியாகவே விடுவதாகச் சொன்னார். கூரையில் தண்ணீர் சொட்டுகிறது என்று சாக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

தில்ஷாத் பெருமூச்சு விட்டாள். வேலை பிழைத்தது. மதியம் ஹஃப்ஸாவோடு சாப்பிட உட்கார்ந்தபோது விஷயத்தைச் சொன்னாள். ஹஃப்ஸா பேஸ்டிங்கில் இருப்பவள். தோலுக்குத் தோல் சொல்யூஷன் தடவி ஒட்டுகிற வேலை. ஏழு வருஷமாக இருவருக்கும் ஒரே மேஜையில் சாப்பாடு. கேட்டுவிட்டு ஹஃப்ஸா கையில் எடுத்த சோற்றை அப்படியே வைத்தாள்.

"அப்ப பேஸ்டிங்கயும் காட்டுவீங்களா?"

அப்போதுதான் தில்ஷாத்துக்கு உறைத்தது. பேஸ்டிங் ரூமில் புகையை வெளியே இழுக்கிற பெரிய ஃபேன் போன ரம்ஜானிலிருந்து ஓடவில்லை. அறுபது பெண்கள் அந்த நெடியிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். ஜெர்மன் மேடம் அதைப் பார்த்தால் ஆர்டர் அன்றைக்கே முடிந்தது.

"போன வெள்ளிக்கிழம மேனேஜரு எங்கள்ல பத்து பேர வரச்சொன்னாரு" என்றாள் ஹஃப்ஸா. "ஏசி போட்ட சாம்பிள் ரூம்ல ஒக்காரவெச்சி, பேஸ்டிங் போர்ட கயட்டி அங்க மாட்டி, வீடியோ எடுத்தாரு. எதுக்குன்னு சொல்லல."

எதுக்கு என்று தில்ஷாத்துக்கு இப்போது தெரிந்துவிட்டது. லைன் வரவில்லை என்றால், மன்னிக்கவும், டெக்னிகல் ஃபால்ட், இதோ எங்கள் வீடியோ என்று அனுப்பிவிடலாம். ஃபால்ட்டுக்கு ஒரு ஆள் வேண்டும். ஆளின் கையெழுத்து தயாராக இருக்கிறது.

(நான் அப்துல் வஹாபுக்கு ஒரு தடித்த மீசையும் கட்டைக் குரலும் வைக்கப் பார்த்தேன். தில்ஷாத் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் ஒல்லியாம், சுகர் பேஷண்ட்டாம், ஆர்டர் போய்விடுமோ என்று ஒரு வருஷமாகப் பயந்துகொண்டே இருக்கிறாராம். பயப்படுகிறவன் செய்கிற அநியாயத்துக்கு மீசை தேவைப்படுவதில்லை போலிருக்கிறது.)

8

புதன்கிழமை இரண்டு இருபதுக்கு இன்டர்காம் அடித்தது.

"யம்மா, மேனேஜரு ஆள அனுப்பிகிறாரு. காலி வரிச ரெண்டும் இப்பவே ரொம்பணுமாம். எதுருலயே நிக்கறான். போடட்டா, வேணாமா?"

தில்ஷாத் கையில் டேப்லெட் இருந்தது. அதில் ஜெர்மன் மேடத்தின் முகம் ஏற்கெனவே வந்துவிட்டது. நாலடி தள்ளி அப்துல் வஹாப், புது சட்டையில். வேண்டாம் என்று சொன்னால் தனகோடியின் வேலை போகும். போடுங்கள் என்றால் இவளுடையது.

அவள் ரிசீவரை வாயோடு ஒட்டி வைத்துக்கொண்டாள். "போடுங்கண்ணே. மெதுவா போடுங்க."

இந்த ஒரு பதிலுக்காகத்தான் இந்தக் கதையை எழுதுகிறேன். நானாக உட்கார்ந்து யோசித்திருந்தால் ஒரு வருஷம் ஆனாலும் எனக்கு இது வந்திருக்காது. ஆம்பூரில் பத்து வருஷம் வேலை பார்த்த எல்லாருக்கும் தெரிந்த வித்தை இது. மாட்டேன் என்று சொல்லவே கூடாது. மெதுவாகச் செய்ய வேண்டும்.

தனகோடி மெதுவாகப் போட்டார். ஒரு தோலை எடுத்தார், உதறினார், திருப்பிப் பார்த்தார், ஓரத்தைத் தடவினார், மாட்டினார், கோணலாக இருக்கிறது என்று கழற்றி மறுபடி மாட்டினார். எதிரே நின்றவனுக்கு ஒன்றும் சொல்ல முடியவில்லை. வேலை நடந்துகொண்டுதானே இருக்கிறது?

இங்கே தில்ஷாத் டேப்லெட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கட்டிங் ஹாலில் படம் கண்ணாடிபோல் இருந்தது. ஸ்டிச்சிங்கில் பாதி வரும்போது லேசாகக் கலங்கியது. அப்துல் வஹாப் வாட்சைப் பார்த்தார். ஜெர்மன் மேடம் ஒவ்வொரு மெஷினாக நின்று நின்று கேள்வி கேட்டார். படம் கட்டம் கட்டமாக உடைய ஆரம்பித்தது. பேஸ்டிங் ரூம் கதவைத் திறந்தார்கள். நெடி முகத்தில் அடித்தது. தில்ஷாத் டேப்லெட்டை உயர்த்தினாள். சுவரில் ஒட்டடையோடு இருந்த அந்த ஃபேன் திரைக்குள் வந்தது, வந்த இடத்திலேயே படம் உறைந்தது.

தனகோடி கடைசித் தோலை மாட்டியிருப்பார்.

குரல் மட்டும் அறுந்து அறுந்து வந்துகொண்டிருந்தது. எனக்கு ஒரு ஃபேன் தெரிகிறது, அது சுற்றவில்லை, என்றார் ஜெர்மன் மேடம். படம் நின்றுவிட்டதா, ஃபேனே நின்றிருக்கிறதா?

அப்துல் வஹாப் முந்திக்கொண்டார். "லைன் ப்ராப்ளம் மேடம். ஃபேன் ரன்னிங்."

லைனைப் பார்த்துக்கொள்கிறவர் யார், அவரிடம் கேட்கிறேன், என்றார் அந்த அம்மாள்.

9

முடிவுகள்.

(அ) தில்ஷாத் லைன்தான் கோளாறு என்று சொல்கிறாள். ஆர்டர் பிழைக்கிறது. நல்ல சர்டிபிகேட்டோடு வீட்டுக்குப் போகிறாள். அறுபது பேர் அதே நெடியில் தொடர்ந்து வேலை செய்து அவளுக்காக வருத்தப்படுகிறார்கள். இது யதார்த்தம் என்று பேர் வாங்கும்.

(ஆ) தில்ஷாத் டேப்லெட்டைக் கீழே வைத்துவிட்டுப் பேசத் தொடங்குகிறாள். "அறுபது பெண்களும் ஒருவர் பின் ஒருவராக எழுந்து நின்று, கைகளை—" வேண்டாம். அன்றைய டார்கெட் முடியாமல் அங்கே ஒருத்தியும் எழுந்திருக்க மாட்டாள்.

(இ) கரண்ட் போய்விடுகிறது. எழுத்தாளனுக்கு இதைவிட உபகாரம் எது? ஆனால் அன்றைக்குக் கரண்ட் போகவில்லை.

நடந்தது இதுதான். தில்ஷாத் அப்துல் வஹாபைப் பார்க்கவில்லை. ஹஃப்ஸா பக்கம் பார்த்தாள். ஹஃப்ஸா பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு, வேண்டாம் என்று லேசாகத் தலையாட்டினாள். ஃபேன் ஓடாமல் மூச்சுத் திணறுகிறவளே வேண்டாம் என்கிறாள். தில்ஷாத் டேப்லெட்டை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனாள். பிறகு சொன்னாள்.

"லைன் ஓகே மேடம். ஃபேன் நாட் ஒர்க்கிங்."

முதல் பாதி பச்சைப் பொய். அந்த நிமிஷம் லைன் செத்துக்கொண்டிருந்தது. இரண்டாம் பாதி உண்மை. பொய்யை முன்னால் வைத்தால்தான் அந்த உண்மை கிளம்பும் என்ற நிலைமை.

நான் போனில் குரல் தழுதழுக்க, "அந்த அறுபது பேருக்காகச் சொன்னீங்க" என்றேன். எனக்கு ஒரு வீராங்கனை கிடைத்துவிட்ட பூரிப்பு.

"அப்டி எழுதிடாதீங்க சார்" என்றார். "என் கையெழுத்துக்காகச் சொன்னேன். லைன் நல்லா இல்லன்னு என் வாயால எப்டி சொல்றது? வேல போயிடும்ல? ஃபேன் ஞாபகம் அப்புறந்தான் வந்துச்சு."

10

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு எலக்ட்ரீஷியன் வந்தார். வேலை நாளில் ஒரு வெளியாளுக்கு கேட் பாஸ் எழுதியது அந்தக் கம்பெனியில் அதுதான் முதல் தடவை. எட்டரைக்கு பேஸ்டிங் ரூமில் ஃபேன் சுற்றியது. ஒன்றரை மணி நேர வேலைக்குத்தான் ரம்ஜானிலிருந்து காத்திருந்தார்கள்.

அப்துல் வஹாப் தில்ஷாத்தைக் கூப்பிட்டார். சத்தம் போடவில்லை. "ரிப்போர்ட் வரட்டும். ஆர்டர் இருந்தா நீங்க இருப்பீங்க. இல்லன்னா நானும் இருக்க மாட்டேன், யாரும் இருக்க மாட்டாங்க" என்றார். பேசி முடித்ததும் அவர் சுகர் மாத்திரையைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டதாகச் சொன்னார் தில்ஷாத். அதை எழுதட்டுமா என்று கேட்டேன், எழுதுங்கள் என்றார்.

மதியம் கேன்டீனில் தில்ஷாத்தின் மேஜைக்கு ஒருவரும் வரவில்லை. எல்லாரும் தள்ளித் தள்ளி உட்கார்ந்தார்கள். அவள் டிபன் பாக்ஸைத் திறக்காமல் வைத்துக்கொண்டிருந்தாள். கடைசியில் ஹஃப்ஸா வந்தாள். எதிரே உட்கார்ந்து பாதி சாப்பிட்டு முடித்தாள்.

"காத்து நல்லா வருது தில்ஷாத்" என்றாள் பிறகு. "வேல இருக்குமான்னுதான் தெரில."

அந்தப் புதன்கிழமை கழிந்து இன்றைக்குப் பதினோராவது நாள். எழுதியவரை தில்ஷாத்திடம் போனில் படித்துக் காட்டினேன். மீசை, காதல், மனிதம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன் என்றும் சொன்னேன். முடிவு மட்டும் பாக்கி. அதை வாசகர்களிடமே விட்டுவிடலாமென்று இருக்கிறேன், இப்போது அதுதான் நாகரிகம் என்றேன்.

"அவங்கல்லாம் யாரு சார்?"

"படிக்கிறவங்க."

"நல்லவங்களா?"

 இருக்கும் என்றேன்.

"செரி, விடுங்க. ஆனா அவங்களாண்ட ஒண்ணு சொல்லிடுங்க. ரிப்போர்ட் வர இன்னும் நாலு நாள் இருக்குது. அதுக்குள்ள யாரும் எதயும் முடிச்சிட வேணாம்."